அன்றாட வழக்கத்தைச் சுற்றித்தான் வாழ்க்கையைத் திட்டமிடுகிறோமா?

கேள்வி இது: “எல்லோரும் காலை எழுவதிலிருந்து இரவு படுப்பது வரை ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டு, அதைச் சுற்றித்தான் வாழ்க்கையைத் திட்டமிடுகிறார்களா? நான் போடும் டைம்டேபிள் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. கோளாறு என்னிடமா?”

பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோளாறு பெரும்பாலும் டைம்டேபிளில்தான். முன்பாதிக்குப் பதில் சற்று நீளும். அன்றாட ஒழுங்கு ஒன்றுக்குள் வாழாதவர்கள் மிகக் குறைவு. ஆனால் அந்த ஒழுங்கைத் தானே உட்கார்ந்து திட்டமிட்டவர்கள் அதைவிடக் குறைவு. பெரும்பாலானோர் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் நாளில் மிச்சம் விழும் துண்டுகளைத்தான் திட்டமிடுகிறார்கள்.

எனக்கு இதில் என்ன அனுபவம் என்று கேட்டால், 11 வருடம் சுழற்சி ஷிஃப்டில் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு 4 வருடம் சுமார் 60 பேருக்கு டியூட்டி சார்ட் போடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அடுத்தவர் தூக்கம் நம் பென்சிலில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, இந்த விஷயத்தைப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

பேச்சில் ‘பழக்கவழக்கம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பழக்கம் வேறு, வழக்கம் வேறு. பழகு என்பதிலிருந்து வந்தது பழக்கம். அது ஒருவருடைய கையிலும் காலிலும் ஊறிக் கிடப்பது. வழங்கு என்பதிலிருந்து வந்தது வழக்கம். அது பலர் நடுவே புழங்குவது. நகம் கடிப்பது பழக்கம். “வழக்கமாக ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுவாரே, இன்று காணோமே” என்று யாராவது கேட்கிறார்கள் என்றால் அது வழக்கம். அதற்கு வெளியே ஒரு சாட்சி இருக்கிறது. டைம்டேபிள் போடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். வழக்கத்தையும் பழக்கம் என்றே எண்ணிக்கொண்டு, தன் ஒருவருடைய மனவுறுதியாலேயே அதை நிலைநாட்டிவிடலாம் என்று நம்பிவிடுகிறார்கள்.

இவை இரண்டுக்கும் அடியில், யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருப்பது உடம்பின் கடிகாரம். 1729இல் பிரெஞ்சு அறிவியலாளர் தெ மெரான் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். பகல் எது, இரவு எது என்று தெரிய வழியே இல்லாத அந்தச் செடி, பகல் வேளையில் இலையை விரித்தது. இரவு வேளையில் மடக்கிக்கொண்டது. மனிதர் விஷயத்தில் இதைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்தவர் மிஷல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர். 1962இல், 23 வயதில், கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையின் குகையொன்றில் இறங்கி இரண்டு மாதம் தனியாக இருந்தார். எழும்போதும் படுக்கும்போதும் மேலே இருந்த குழுவுக்குத் தொலைபேசியில் சொல்வார். அவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள், அவருக்குச் சொல்ல மாட்டார்கள். செப்டம்பர் 14 அன்று “முடிந்தது, வெளியே வரலாம்” என்று சொன்னபோது அவர் கணக்கில் தேதி ஆகஸ்ட் 20. மனம் 25 நாளைத் தவறவிட்டிருந்தது. உடம்பு தவறவிடவில்லை. அவருடைய தூக்கமும் விழிப்பும் சுமார் இருபத்துநாலரை மணிக்கு ஒரு சுற்றாக ஓடியிருந்தன.

பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் கட்டுப்பாடாக அளந்தபோது (அந்த முடிவு 1999இல் வெளிவந்தது) சராசரி 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. மூளையின் அடிப்பக்கம், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இந்தக் கணக்கை வைத்திருக்கிறது. மிஞ்சும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தைக் காலை வெளிச்சம் தினமும் திருத்திக் கொடுக்கிறது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழஈக்களிடம் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே உங்கள் நாளின் எலும்புக்கூடு நீங்கள் திட்டமிட்டதல்ல. எப்போது பசிக்கும், எப்போது கண் சொக்கும், எப்போது மூளை கூர்மையாக இருக்கும் என்பதில் பெரும்பங்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. அது ஆளுக்கு ஆள் மாறும், வயதுக்கு வயது மாறும். பதின்வயதில் இந்தக் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. “ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டுக் காலையில் எழ மாட்டேன் என்கிறான்” என்று பிள்ளைகளைத் திட்டுவதில் பாதி, உடம்பைத் திட்டுவது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2014இலேயே, பதின்வயதினர் படிக்கும் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்துவிட்டது.

நாலு மணிக்கு எழுந்தவன்தான் வெல்வான் என்று வரும் அறிவுரைகளை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். எழுந்து வென்றவர்கள் இருக்கலாம். நாலு மணிக்கு எழுந்து, மற்றவர்களைப் போலவே நள்ளிரவுக்குப் படுத்து, பகல் முழுக்கக் கொட்டாவி விட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அடுத்தது பழக்கம். இதில் ஒரு தவறான எண் உலகெங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது: 21 நாள். 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர், முகம் திருத்தப்பட்ட நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது மூன்று வாரமாவது ஆகிறது என்று எழுதினார். ‘குறைந்தது’ வழியில் உதிர்ந்துவிட்டது, நோயாளிகள் உதிர்ந்துவிட்டார்கள், எண் மட்டும் மிஞ்சியது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். தினமும் ஒரே சூழலில் செய்ய, ஆளுக்கு ஒரு சிறு செயல். யோசிக்காமல் கை தானாகப் போகும் நிலை வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வேறுபாடு 18 நாளிலிருந்து 254 நாள் வரை. (ஆய்வு நடந்ததே 84 நாள்தான். 254 என்பது பழக்கம் படியும் வேகத்தைக் காட்டும் வளைகோட்டை நீட்டிப் பார்த்துப் பெற்ற கணிப்பு. அந்த வளைகோடும் பாதிப் பேருக்குக்கூடச் சரியாகப் பொருந்தவில்லை. 66ஐயும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது வேறொன்று. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடவில்லை. மறுநாள் செய்தவர்களுக்குப் பழக்கம் முன்போலவே படிந்துகொண்டு வந்தது. உங்கள் டைம்டேபிள் ஒரு வாரத்தில் சாவதாகச் சொல்கிறீர்கள். உண்மையில் அது நாலாம் நாள் ஒருமுறை தவறியிருக்கும். ஏழாம் நாள் நீங்களே அதை அடக்கம் செய்திருப்பீர்கள்.

வெண்டி வுட் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கொருமுறை என்ன செய்துகொண்டிருக்கிறோம், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று மாணவர்கள் குறித்து வந்தார்கள். குறித்த செயல்களில் சுமார் 43 விழுக்காடு, ஏறக்குறைய தினமும், ஏறக்குறைய அதே இடத்தில், மனம் வேறெங்கோ இருக்கும்போது நடப்பவை. நாளில் பாதியை நெருங்கும் ஒன்று. அதைத் திட்டமிட்டோம் என்று எப்படிச் சொல்வது? பழக்கம் ஒட்டிக்கொள்வது இடத்தோடும் முந்தைய செயலோடும்தான். கடிகார முள்ளோடு அது அவ்வளவாக ஒட்டுவதில்லை. அதனால்தான் ‘காலை 6:40க்கு வாசிப்பு’ என்று எழுதினால் நிற்பதில்லை. ‘பல் துலக்கியதும் இரண்டு பக்கம்’ என்றால் ஓரளவு நிற்கிறது. ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

இதுவரை சொன்னதை எந்தத் தன்முன்னேற்றப் புத்தகத்திலும் படிக்கலாம். அவை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன என்பதுதான் என் குறை. நம் நாளை உண்மையில் பிடித்து வைத்திருப்பது பழக்கத்தைவிட வழக்கம். வழக்கம் என்றால் மற்றவர்களின் மணி.

ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல் இதை மூன்று கட்டுகளாகப் பிரித்தார். உடம்பின் கட்டு: தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அதிகாரத்தின் கட்டு: கதவு எப்போது திறக்கும், யாரை உள்ளே விடும் என்று வேறு யாரோ வைத்த விதி. மூன்றாவதுதான் முக்கியம், இணைப்பின் கட்டு: ஒரு வேலை நடக்க இன்னொருவர் அதே நேரத்தில் அதே இடத்தில் இருந்தாக வேண்டும். பாடம் நடக்க ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து இருக்க வேண்டும். குழந்தையைக் கூட்டிவரப் பள்ளி விடும் நேரத்தில் நிற்க வேண்டும். ஒருவருடைய நாளைத் தாளில் கோடாக வரைந்து, இந்த இணைப்பு முடிச்சுகளைக் குறித்துவிட்டு, மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்தால் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

ஷிஃப்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரிலீவர் வந்தால்தான் நீங்கள் நாற்காலியை விட்டு எழ முடியும். அவர் வண்டி பஞ்சரானால் உங்கள் வீட்டில் இரவு உணவு தள்ளிப்போகும். அவருடைய தாமதம் உங்கள் தூக்கம். சார்ட் போட உட்கார்ந்தபோது எனக்குப் புரிந்தது இன்னும் ஒருபடி மேல். 60 பேருடைய பெயரைக் கட்டங்களில் நிரப்புகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாமல் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒரு கட்டத்தை மாற்றினால் எங்கோ ஒரு குழந்தையைப் பள்ளியில் விட ஆளில்லை. எங்கோ ஒரு முதியவருக்கு மருந்து கொடுக்க ஆளில்லை. “ஒரே ஒரு மாற்றம்தானே சார்” என்று வருவார்கள். ஒரே ஒரு மாற்றம் என்று ஒன்று கிடையாது.

இந்த மற்றவர்களின் மணி வரலாற்றில் எப்படி ஏறி வந்தது என்பது தனிக்கதை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து விதிகள் துறவிகளின் நாளைப் பிரார்த்தனை வேளைகளாக வெட்டின. அந்த நாளை நடத்தியது மணியோசை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திரக் கடிகாரம் வந்தது. அப்போதும் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சூரிய நேரம்தான். ரயில் வந்ததும் அது ஒத்துவரவில்லை. இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840இல் தன் பாதை முழுவதும் லண்டன் நேரத்தையே வைத்துக்கொண்டது. பிரிஸ்டல் அதற்குச் சுமார் பத்து நிமிடம் பின்னால் இருந்தது. அமெரிக்க ரயில்வேக்கள் 1883 நவம்பர் 18 அன்று நேர மண்டலங்களுக்கு மாறின. தொழிற்சாலைச் சங்கு மிச்ச வேலையை முடித்தது. ‘நேரத்துக்கு வருவது’ என்பதை ஒரு நற்குணமாக எண்ணுகிறோமே, அதன் இன்றைய கறாரான வடிவம் அப்படியொன்றும் பழையதல்ல.

சரி, இந்த மணிகள் எல்லாம் ஒருநாள் நின்றுவிட்டால்? அப்போதாவது மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே திட்டமிடுவார்களா? இதற்கு ஒரு பதில் இருக்கிறது. சோகமான பதில். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்றொரு கிராமம். ஊரே ஒரு நூல், துணி ஆலையை நம்பி இருந்தது. 1929, 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோரும் குழுவினரும் அங்கே போய், வேலையில்லாமல் போன ஊர் எப்படி நாளைக் கழிக்கிறது என்று கவனித்தார்கள். 1933இல் அது நூலாக வந்தது.

கையில் நேரம் கொட்டிக் கிடக்கிறது. படிப்பார்கள், கூடிப் பேசுவார்கள், ஏதாவது கற்றுக்கொள்வார்கள் என்றுதானே தோன்றும்? ஊர் நூலகத்தில் புத்தகம் இரவல் போவது இரண்டே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்திருந்தது. ஆய்வாளர்கள் ஜன்னலோரம் நின்று, தெருவில் போகிறவர்களின் நடைவேகத்தை அளந்தார்கள். ஆண்கள் அடிக்கடி நின்றார்கள், மெதுவாக நடந்தார்கள். பலர் கைக்கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதித் தரச் சொன்னால், பிள்ளைகளை எழுப்பியது, மதியச் சாப்பாடு, படுக்கப் போனது என்று இரண்டு மூன்று குச்சிகள்தான் அவர்களுக்கு நினைவில் நின்றன. இடையில் உள்ளதை என்னவென்று எழுதுவது என்றே தெரியவில்லை. ஒருவர் எழுதியதன் பொருள்: இதற்குள் மதியம் ஆகிவிடுகிறது. எனக்கு இந்த ஒருவரி பல வருடமாக மனதில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, செய்ய எதுவுமே இல்லாத இந்த ஆண்கள் சாப்பாட்டுக்கு நேரத்தோடு வருவதில்லை என்று மனைவிமார் குறைபட்டுக்கொண்டார்கள். ஆலை ஓடியபோது மணி அடித்தாற்போல் வந்தவர்கள்.

பெண்கள் வேகமாக நடந்தார்கள். ஆலைக் கூலி அவர்களுக்கும்தான் போயிருந்தது. ஆனால் சமையல், துணி, பிள்ளைகள் எதுவும் போகவில்லை. அவர்கள் சம்பளம் இல்லாதவர்கள்தான், வேலை இல்லாதவர்கள் அல்லர் என்று அந்த நூல் குறிக்கிறது. அவர்கள் நாள் நிற்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

வேலை என்பது சம்பளத்தோடு கூடவே நாளுக்கு ஒரு சட்டகத்தையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது ‘இன்று என்ன கிழமை?’ என்று கேட்டுக்கொண்ட அனைவருக்கும் மரியன்தால் கொஞ்சம் தெரியும்.

இந்த இடத்தில் வழக்கமாக யாராவது பெரியவர்களைக் கொண்டுவருவார்கள். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் நடைக்குக் கிளம்பினால் அயலார் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம், ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரோலப் விடியுமுன் மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால்மணிக்கு 250 சொல் எழுதுவாராம், அச்சகம் நடத்தி, பிறகு அமெரிக்க அரசியல் தலைவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஐந்து மணிக்கு எழுந்து ‘இன்று என்ன நல்லது செய்வேன்?’ என்று தன்னையே கேட்பாராம். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கதைகளின் கீழ்வரிகளைப் படியுங்கள். கான்டைக் காலை ஐந்து மணிக்கு எழுப்ப மார்ட்டின் லாம்பே என்ற பணியாள் இருந்தார். அதுவும் கான்ட் இளமையில் அப்படியொன்றும் கறாரானவர் அல்லர். நாற்பதை ஒட்டிய வயதில், ஜோசப் கிரீன் என்ற ஆங்கிலேய வணிகரோடு ஏற்பட்ட நட்புதான் அவரை நேரக் கட்டுக்குள் இழுத்தது என்று வாழ்க்கை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். டிரோலப்பை எழுப்ப ஒரு வயதான குதிரைலாயப் பணியாள் இருந்தார். அதற்காக அவருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்ட் கூடுதல் சம்பளம். என் வெற்றிக்கு மற்ற எவரையும்விட இவருக்குத்தான் நான் கடன்பட்டிருக்கிறேனோ என்று டிரோலப்பே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பணியாளை எழுப்பியது யார் என்று யாரும் எழுதவில்லை.

ஃபிராங்க்ளின் இவர்களில் நேர்மையானவர். பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியல் போட்டுப் பயின்றவர், அவற்றில் ஒழுங்குதான் தன்னை அதிகம் படுத்தியது என்று ஒப்புக்கொள்கிறார். காரணமும் சொல்கிறார். கூலிக்கு அச்சுக்கோர்ப்பவன் தன் நேரத்தை வைத்துக்கொள்ள முடியும். முதலாளியோ நாலு பேரோடு பழகியாக வேண்டும், வருகிறவர்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில் வருகிறார்கள். இணைப்பின் கட்டு என்று ஹேகர்ஸ்ட்ராண்ட் பெயர் வைப்பதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முன்னால்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாவற்றையும் திட்டமிட்டால் என்ன ஆகும்? ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்கு 1973 நவம்பரில் போன மூன்றாவது குழுவுக்கு (கார், கிப்சன், போக்) 84 நாளுக்கு நிமிடக் கணக்கில் வேலை போட்டிருந்தார்கள். முந்தைய குழு பழகித் தேறியபின் ஓடிய வேகத்தை இவர்களிடம் முதல் நாளிலிருந்தே எதிர்பார்த்தார்கள். ஒரு கருவியைத் தேடப் பத்து நிமிடம் ஆனால் அடுத்த வேலை பிந்தும், அதனால் அதற்கடுத்தது. குழு பின்தங்கிக்கொண்டே போனது, பிழைகள் வந்தன, எரிச்சல் ஏறியது. விண்வெளியில் வேலைநிறுத்தம் என்று பிற்பாடு பரப்பப்பட்ட கதை மிகை. நடந்தது, டிசம்பர் இறுதியில் தரைக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு வெளிப்படையான பேச்சு. அதன்பின் சில்லறை வேலைகளுக்கு நேரம் குறிப்பதை விட்டார்கள். ‘இவை செய்ய வேண்டியவை, முடிந்தபோது செய்யுங்கள்’ என்று ஒரு பட்டியலாகக் கொடுத்தார்கள். இரவு உணவுக்குப் பின் அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை என்றானது. வேலை தேறியது. நீங்கள் டைம்டேபிள் போட்டால் அதில் காலியான கட்டம் எத்தனை இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் போட்டிருப்பது மனிதருக்கானதல்ல.

திட்டமிடவே வாய்ப்பில்லாதவர்களையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். நாளை வேலை உண்டா இல்லையா என்பது இன்றிரவு தெரிகிறவர், ஆப்பில் அழைப்பு வந்தால் ஓட வேண்டியவர், படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர். இவர்களிடம் போய் ‘காலை ஒழுங்கு’ என்று பேசுவது அபத்தம். நான் ஷிஃப்டில் இருந்த காலத்தில் மிக மோசமான வாரம், அதிகம் நைட் ஷிஃப்ட் விழுந்த வாரமல்ல. எப்போது விழும் என்று தெரியாத வாரம். தொடர்ச்சியான நைட் ஷிஃப்டைக்கூட உடம்பு ஏதோ ஒருவகையில் தாங்கிக்கொண்டது. தாங்கியது என்றும் பெருமையாகச் சொல்லிவிட முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்’ என்ற வலுவான சந்தேகப் பிரிவில் வைத்தது. 2019இல் மறுபடி பரிசீலித்து, இரவுநேர ஷிஃப்ட் வேலையை அதே பிரிவில் நிறுத்தியது. சார்ட் என் கைக்கு வந்தபோது நான் செய்த முதல் மாற்றம், சுழற்சியைக் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கித் திருப்பியது. அதற்குமுன் அது இரவு, மதியம், காலை என்று பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. உடம்பின் நாள் 24 மணியைவிடச் சற்று நீளம் என்பதால், தள்ளிப்படுப்பது முந்திப்படுப்பதைவிட அதற்கு எளிது. இரண்டாவது மாற்றம், சார்ட்டை ஒரு மாதம் முன்னதாக ஒட்டியது. முதலாவதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டாவதற்காக இன்றும் சிலர் பார்த்தால் கைகொடுக்கிறார்கள்.

வழக்கத்தின் வலிமையை மருத்துவமும் கையில் எடுத்திருக்கிறது. மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறிமாறிப் போகும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்காகப் பிட்ஸ்பர்க்கில் எல்லன் ஃபிராங்க்கும் குழுவினரும் ஒரு சிகிச்சைமுறை உருவாக்கினார்கள். மருந்தோடு சேர்த்து, அன்றாட நேரங்களை நிலைப்படுத்துவது. அதில் குறித்துவரச் சொல்லும் நேரங்களில் படுக்கையை விட்டு எழுந்தது எப்போது என்பதோடு, அன்று முதன்முதலாக இன்னொரு மனிதரோடு பேசியது எப்போது என்பதும் இருக்கிறது. அதைப் படித்தபோது சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடற்கடிகாரத்துக்கு வெளிச்சம் எப்படியோ, அப்படி மனிதருக்கு மனிதர்.

இனி உங்கள் டைம்டேபிள். புதிதாக ஒன்று போடாதீர்கள். ஒரு வாரம், எதையும் மாற்றாமல், நாள் எப்படிப் போகிறதோ அப்படியே குறித்து வாருங்கள். எழுந்தது, கிளம்பியது, சாப்பிட்டது, படுத்தது, போனை எடுத்தது உட்பட. பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, அந்த நேரத்தை வைத்தவர் யார் என்று எழுதுங்கள்: உடம்பா, அலுவலகமா, வீட்டில் யாராவதா, நீங்களா. ‘நான்’ என்று எழுத முடிகிற வரிகள் ஒருநாளைக்கு மூன்றோ நாலோ தேறினால் அதிகம். புதிதாகச் செய்ய நினைப்பதை அந்த வரிகளில் ஒன்றுக்குப் பின்னால் ஒட்டுங்கள். நடுராத்திரியில் கிடைக்கும் காலி இடத்தில் திணிக்காதீர்கள். முடிந்தால் அதில் இன்னொரு ஆளைச் சேருங்கள். தனியாக நடக்கப் போவதாகத் தீர்மானித்தவர் மழைத்தூறலுக்கு நின்றுவிடுவார். தெருமுனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் குடையோடு போவார்.

நான் பார்த்தவரையில், கேள்வியில் இருக்கும் பொருளில், வழக்கத்தைச் சுற்றி வாழ்க்கையைத் திட்டமிட்டவர் ஒருவர் உண்டு. சார்ட் போட்ட நாலு வருடமும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வியாழக்கிழமை மாலை மட்டும் வேண்டாம். அதற்கு ஈடாக யாரும் தொடாத நைட் ஷிஃப்டுகளை எடுத்துக்கொள்வார், பண்டிகை நாட்களில் வருவார், பதவி உயர்வோடு வந்த இடமாற்றம் ஒன்றையும் வேண்டாம் என்றார். காரணம் சொன்னதில்லை. கோயிலோ மருத்துவமனையோ என்று நாங்கள் ஊகித்துக்கொண்டிருந்தோம். நான் அந்த வேலையை விட்ட பிறகுதான் தெரிந்தது, வியாழன் மாலை அவரும் அவர் தம்பியும் சதுரங்கம் ஆடுவார்களாம். சின்ன வயதில் தொடங்கியது. பெரும்பாலும் தம்பிதான் ஜெயிப்பாராம்.